ஐந்து குறைத்துச் சொல்லும் சந்து

இன்ஷிராவுக்குத் தெரிந்த வாய்ப்பாடு ஒன்றே ஒன்றுதான்: இரண்டாம் வாய்ப்பாடு. மூன்றாம் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மாற்றலாகிப் போனார். புது வாத்தியார் வந்து சேர்வதற்குள் அவள் அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. ஒன்றைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஏழு என்ன, பதிமூன்று என்ன, எதைப் பெருக்க வேண்டுமென்றாலும் இரட்டிப்பதை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. அந்த ஒற்றை வழியை வைத்துக்கொண்டு மஹல்லா என்கிற ஆலை ஊரில், நெசவாலைக்குப் பின்புறத்துச் சந்தில், இருபது வருடம் ராணியாக இருந்தாள்.

வழி சுலபமானதுதான். வலது கையை முட்டியின் மேல் வைத்துக்கொள்வாள். சுண்டுவிரல் ஒன்று, மோதிரவிரல் இரண்டு, நடுவிரல் நான்கு, ஆள்காட்டி எட்டு, கட்டைவிரல் பதினாறு. பதிமூன்று தட்டு, தட்டுக்கு இருபத்து நான்கு என்று யாராவது கேட்டால், பதிமூன்றுக்கு எட்டும் நான்கும் ஒன்றும் வேண்டும்; அந்த மூன்று விரல்களை மட்டும் முட்டியில் அழுத்துவாள். பிறகு இருபத்து நான்கை விரல் விரலாக இரட்டிப்பாள். இருபத்து நான்கு, நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அழுந்திய விரல்களில் நிற்பதை மட்டும் கூட்டினால் முந்நூற்றுப் பன்னிரண்டு. கேட்டவள் முக்காட்டைச் சரிசெய்வதற்குள் பதில் வந்துவிடும். முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டால் இடது கையும் முட்டிக்கு வரும், அவ்வளவுதான்.

காகிதத்தில் எழுதிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அந்தச் சந்தில் கேட்க மாட்டார்கள். கோழியையோ பிள்ளையையோ தட்டில் அடுக்கிய பண்டத்தையோ விரல் நீட்டி ஒன்று இரண்டு என்று எண்ணினால் கண் பட்டுவிடும். எழுதி வைத்தால் பார்க்கிறவர்கள் எல்லோர் கண்ணும் படும். இன்ஷிராவின் கொழுந்தன் கரம் ஒரு தடவை எங்கிருந்தோ கால்குலேட்டர் ஒன்று வாங்கி வந்தான். மாமியார் ஹஜ்ஜா வஹீபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நம் வீட்டு எண்ணிக்கைக்கு விளக்குப் போட்டுக் காட்டுகிற பெட்டி நமக்கு எதற்கு என்று சொல்லி, துணி வைக்கும் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். வரிசையைக் கண்ணால் பார்த்து மனசுக்குள் பெருக்கிக்கொள்வது ஒன்றுதான் அங்கே மரியாதையான கணக்கு.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தன்னுடையது எத்தனை என்று கேட்டால் அந்தச் சந்துப் பெண்கள் ஐந்து குறைத்துத்தான் சொல்வார்கள். கண்ணுக்கு எதிரே விரிக்கும் கை அந்த ஐந்து. பன்னிரண்டு வாத்து வைத்திருப்பவள் ஏழு என்பாள். கேட்டவள் ஐந்தைத் தானே சேர்த்துக்கொள்வாள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, வாய்விட்டுச் சொன்னால் பலன் போய்விடும். ஐந்துக்கும் குறைவாகப் பிள்ளை பெற்றவள் என்ன செய்வாள் என்றால், அல்லாஹ் கொடுத்தது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

இப்படியாகச் சந்தில் கல்யாணமா, காரியமா, பெருநாளா, எத்தனை நாற்காலி, எத்தனை ரொட்டி, ஆளுக்கு எத்தனை திராட்சை இலைச் சுருள் என்று பெண்கள் இன்ஷிராவின் இரண்டாம் மாடிக்கு ஏறி வருவார்கள். அவள் பதில் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்தது. கணவன் முனீம் ஆலையில் தறிக்காரன். வீட்டுக்கு வந்தால் காது அடைத்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். ஒரே மகள் நஹ்லா.

பிறகு கரமுக்குக் கல்யாணம் ஆகி, போர்ட் சயீதிலிருந்து ரிஹாப் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தாள். வணிகவியல் டிப்ளமா படித்தவள். எப்போதும் சிரித்த முகம். இன்ஷிராவுக்கு அந்தச் சிரிப்பே முதலில் பிடிக்கவில்லை.

ரிஹாப் வந்த மாதமே முதல் அடி விழுந்தது. எதிர்வீட்டு ஸக்கியா தன் மைத்துனன் நிச்சயதார்த்தத்துக்குப் பத்தொன்பது மேஜை, மேஜைக்குப் பன்னிரண்டு நாற்காலி என்று கேட்டு வந்தாள். இன்ஷிரா கட்டைவிரலையும் கடைசி இரண்டு விரல்களையும் முட்டியில் அழுத்திவிட்டு இரட்டிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு, இருபத்து நான்கு, நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு வரை வந்திருப்பாள். ஈரத்துணி வாளியோடு படியேறிக்கொண்டிருந்த ரிஹாப், கேட்காமலே, நின்றபடியே சொன்னாள்:

"இருபது மேஜைன்னா இருநூத்தி நாப்பது. அதுல ஒரு மேஜைய எடுத்துட்டா இருநூத்தி இருபத்தெட்டு, இல்லக்கா?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டாள். ஸக்கியா அவள் முதுகையே பார்த்தாள். அன்றைக்கு ஸக்கியா டீ குடிக்கவில்லை.

அன்று ஆரம்பித்த எரிச்சல் நான்கு வருடம் ஆறவில்லை. ரிஹாபிடம் ஒரு வழி இல்லை, ஊர்ப்பட்ட வழி இருந்தது. தொண்ணூற்றொன்பதை நூறாக்கிவிட்டு ஒன்றைப் பிடுங்குவாள். பதினைந்தால் பெருக்க, பத்தால் பெருக்கி அதில் பாதியைச் சேர்ப்பாள். இருபத்தைந்து என்றால் கேட்கவே வேண்டாம். எண்ணைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, பின்னால் நூறு என்று ஒட்டிவிடுவாள். ஒரு கணக்கை ஒரு மாதிரி போட்டால் இன்னொன்றை வேறு மாதிரி போடுவாள். சந்துப் பெண்கள் இரண்டாம் மாடிக் கதவைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகினார்கள். இன்ஷிரா கதவுக்குப் பின்னால் நின்று அதையும் கேட்டாள்.

இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அப்புறம் எடுப்பது கணக்கா, பொய்யா என்று அவள் தங்கை நவாலிடம் பொருமுவாள். தன் கணக்கில் இருப்பதுதான் இரட்டிக்கும், இல்லாததற்கு இடமில்லை என்பாள். நவால் இரண்டு சந்து தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அக்கா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவாள், மறுநாளே மறந்துவிடுவாள்.

ஆனால் ஒரு விஷயத்தை நவாலிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கோஃப்தா உருட்டிக்கொண்டிருக்கும்போது, யாரும் இல்லாத சமையலறையில், இருபத்தொன்பது தடவை பதினான்கை ரிஹாப் வழியில் போட்டுப் பார்த்தாள். முப்பது பதினான்கு நானூற்றிருபது, பதினான்கு போக நானூற்றாறு. நான்கு உருண்டை உருட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. எதிரி வீட்டுப் பானையில் கையை விட்டுத் தின்ற மாதிரி இருந்தது அவளுக்கு. கையைக் கழுவிவிட்டு வந்து, அதே கணக்கை விரல்களை அழுத்தி முதலிலிருந்து போட்டாள். அதே நானூற்றாறு. அதற்குப் பிறகு ரிஹாப் மீது கோபம் இன்னும் அதிகமாயிற்று. வழி தப்பாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள்.

இந்த நிலைமையில்தான் நஹ்லாவுக்குச் சமனூதில் மாப்பிள்ளை அமைந்தது.

பெண்ணை அனுப்பும்போது பிறந்த வீட்டிலிருந்து கஹ்கு போக வேண்டும். நெய்யில் பிசைந்து, அச்சு வைத்து, சந்து முனை அடுப்பில் சுட்டு, மேலே சர்க்கரைப் பொடி தூவிய பலகாரம். மாப்பிள்ளையின் உறவில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு இருபத்தைந்து. ஒரு வீட்டுக்குப் பெட்டி போகாவிட்டால் அந்த வீட்டுக்காரி அதை வருடக்கணக்காகப் பெண்ணிடம் சொல்லிக் காட்டுவாள். அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நியாயம்.

மகள் கல்யாணக் கஹ்குக்குக் கணக்குப் போடுவது தான்தான் என்பதில் இன்ஷிராவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சம்பந்தியம்மாள் வந்து உறவுக்காரர் பெயரையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னபோதே, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரண்டு கையையும் முட்டியில் வைத்து வீடுகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஐம்பத்து மூன்று. அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, மொட்டை மாடியில் எள் புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஹஜ்ஜா வஹீபா நிழலில் உட்கார்ந்திருந்தாள். கஹ்குக் கணக்கை ரிஹாப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள்தான் ஆரம்பித்தாள். நீ பெண்ணைப் பெற்றவள், உனக்கு மெத்தை தைக்கிறவன், பாத்திரக்காரன், தையல்காரி என்று ஆயிரம் வேலை. உன் தலையில் இதையும் ஏன் சுமக்கிறாய் என்று மருமகளிடம் அன்பாகத்தான் சொன்னாள். அதோடு விட்டிருந்தால் இன்ஷிரா பொறுத்திருப்பாள். நஹ்லா வாயைத் திறந்தாள்.

"ஆமாம்மா. சித்தின்னா சட்டுனு போட்டுருவாங்க. நீ விரல அழுத்திட்டு உக்காந்தேன்னா எனக்கு பயமாவே இருக்கும், எங்கயாவது தப்பிடுமோன்னு."

இருபத்து நான்கு வருடத்தில் ஒரு விரல் தப்பியதில்லை.  இன்ஷிரா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். எள் பாதி கீழே கொட்டியது.

ரிஹாப் சிரித்துக்கொண்டே திரும்பினாள். மாப்பிள்ளை பக்கம் எத்தனை வீடு அக்கா என்று கேட்டாள்.

"நாப்பத்தெட்டு," என்றாள் இன்ஷிரா.

சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நிமிடம் அதில் கள்ளம் எதுவும் இல்லை. தன் மகளுக்கு வாய்த்த உறவு. கேட்டால் ஐந்து குறைத்துச் சொல்கிற நாக்கு, அப்படியே சொல்லிற்று.

"நாப்பத்தெட்டுல பாதி இருபத்தி நாலு, அதுல பாதி பன்னெண்டு. ஆயிரத்தி இருநூறு கஹ்கு. தட்டுக்கு அம்பதுன்னா இருபத்தி நாலு தட்டு," என்றாள் ரிஹாப். மாமியார் மாஷா அல்லா என்று தலையாட்டினாள். நஹ்லா சித்தியின் தோளில் தட்டினாள்.

இன்ஷிராவின் கை முறத்தோடு நின்றுவிட்டது. இவள் ஐந்தைச் சேர்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இவள் போர்ட் சயீத்காரி, இவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? போன வருடம் எத்தனை முட்டை வைத்திருக்கிறாய் என்று ஸக்கியா கேட்டதற்கு முப்பது என்றாள். கூடையில் இருந்ததும் சரியாக முப்பதுதான். சந்தே அதைச் சொல்லிச் சிரித்தது. ஐந்து பெட்டி குறையும். நூற்றிருபத்தைந்து கஹ்கு குறையும். சமனூதில் ஐந்து வீட்டுக்காரிகள் முந்தானையை உதறிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கணமே சொல்லியிருக்கலாம். ஒரு பார்வை பார்த்திருந்தாலே போதும், மாமியார் புரிந்துகொண்டிருப்பாள். இன்ஷிரா கொட்டிய எள்ளைக் கூட்டி அள்ளினாள். அவள் வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியது. நான்கு வருடமாக இல்லாத குளிர்ச்சி.

வீட்டுக்குள் வந்ததும் அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. அவமானம் ரிஹாபுக்கு மட்டும் வராதே, பெற்ற மகளுக்கு அல்லவா வரும். புதன்கிழமை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் படியேறினாள். மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளே நஹ்லா தரையில் உட்கார்ந்து ரிஹாபின் மடியில் தலையை வைத்திருந்தாள். ரிஹாப் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். நஹ்லா ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சிறு வயதில் இன்ஷிரா தலைவார உட்கார வைத்தால் இந்தப் பெண் வீட்டையே இரண்டாக்கும். வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிட்டாள்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. குறையட்டும். எல்லோர் முன்னாலும் குறையட்டும். ரிஹாபின் முகத்தில் அந்தச் சிரிப்பு அணைய வேண்டும், நஹ்லா கையைப் பிசைந்துகொண்டு அழ வேண்டும். அப்போது இந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நூற்றிருபத்தைந்து கஹ்கை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் கணக்குப் போடுவது என்ற பேச்சே எழாது.

வெள்ளிக்கிழமை நவால் வீட்டுக்குப் போனாள். மாவும் நெய்யும் தானே சுமந்துகொண்டு போய், அக்காளும் தங்கையுமாகப் பிசைந்து, அச்சு வைத்து, அந்தச் சந்து அடுப்பிலேயே சுட்டு எடுத்தார்கள். எதற்கு என்று நவால் கேட்டதற்கு, பெட்டியில் குறையும், எனக்குத் தெரியும், அவள் போட்ட கணக்கு என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை மத்தியான ளுஹர் தொழுகை முடிந்ததும், பெண்கள் ஐயோ குறைகிறதே என்று தவிக்கிற நேரமாகப் பார்த்துக் கொண்டுவா என்று சொல்லிவைத்தாள். நவாலுக்கு இது ஒரு விளையாட்டாகப்பட்டது.

கல்யாண வீட்டுக் கஹ்கு ஞாயிற்றுக்கிழமை பிசைந்தார்கள். இன்ஷிரா அந்தப் பக்கமே போகவில்லை. மெத்தைக்காரன் பஞ்சைத் திருடிவிடுவான், பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சாக்குச் சொன்னாள். திங்கள்கிழமை காலையில் தட்டுகள் அடுப்புக்குப் போயின. சந்துப் பெண்கள் தலையில் கறுப்புத் தட்டுகளை வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஜன்னல் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு இன்ஷிரா பார்த்தாள். விரல் நீட்டவில்லை, உதடு அசைக்கவில்லை. ஒவ்வொரு தட்டாக மனசுக்குள் விழுந்தது. இருபத்து மூன்று. இருபத்து நான்கு. பட்டென்று ஜன்னலைச் சாத்தினாள். போதும். பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது என்கிற மாதிரி உட்கார்ந்து டீ குடித்தாள்.

செவ்வாயும் புதனும் ஒருவிதமாகக் கழிந்தன. புதன்கிழமை மாலை நஹ்லா மருதாணிக் கையோடு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏம்மா பேசவே மாட்டேங்கிற என்று கேட்டாள். தொண்டை வரை வந்தது இன்ஷிராவுக்கு. அதற்குள் நஹ்லா, பெட்டி எல்லாம் சித்தி எவ்வளவு அழகாக அடுக்கப்போகிறாள் தெரியுமா, வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை என்று ஆரம்பித்துவிட்டாள். தொண்டை வரை வந்தது திரும்பி இறங்கிவிட்டது.

வியாழக்கிழமை கீழ்த்தளத்துக் கூடத்தில் பெட்டி கட்டினார்கள். ரிஹாப் அடுக்கினாள், நஹ்லா மூடினாள், ஹஜ்ஜா வஹீபா நாடா வெட்டிக் கொடுத்தாள். இன்ஷிரா சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெற்றவள் களைத்திருக்கிறாள் என்று யாரும் தொந்தரவு செய்யவில்லை. பெட்டிகள் எட்டு எட்டாக ஆறு வரிசை நின்றன. நாற்பத்தெட்டு. தட்டுகள் காலியாகிவிட்டன. மசூதியில் தொழுகை முடிந்து ஆட்கள் கலையும் சத்தம் கேட்டது.  சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

ரிஹாப் எழுந்து மாமியாரின் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். வெள்ளைத் துணி போட்டு மூடிய மூன்று தட்டுகளை இழுத்தாள்.

நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று என்று பெட்டிகள் எழுந்தன. ஐம்பத்து மூன்றாவது பெட்டியை நஹ்லா மூடி நாடா கட்டினாள். தட்டில் இருபத்தைந்து மிச்சம் இருந்தது. அடுப்புக்காரன் வீட்டுக்கு என்று ரிஹாப் அதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள்.

இன்ஷிரா எழுந்துவிட்டாள். எப்படி என்று மட்டும்தான் வாயில் வந்தது.

ரிஹாப் அவளைப் பார்த்து, இவ்வளவு நேரமும் எல்லோரும் கேட்டிருக்கிற அதே சாதாரணக் குரலில், கொஞ்சம் தாழ்த்திச் சொன்னாள்: "நீங்க சொன்னா அதுல கைய விரிச்சுச் சேத்துக்கணும்னு வந்த ஆறாம் மாசமே தெரிஞ்சுகிட்டேங்க்கா. உங்களப் பாத்துத்தான். நம்ம பொண்ணு விஷயம், வெளிய சொல்றப்போ நானும் கொறச்சுத்தானே சொல்லணும்?"

தன் முட்டையை மறைக்கத் தெரியாதவள் என்று சந்தே சிரித்ததே, அவள் மறைக்கத் தெரியாமல் சொல்லவில்லை. தன்னுடையதை மறைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இருபத்து நான்காவது தட்டுக்குப் பின்னால் இன்னும் மூன்று தட்டு இறங்கியிருக்கிறது. இன்ஷிரா அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

நவாலை எப்படித் தடுப்பது என்று அவள் வாசல் பக்கம் திரும்பினாள். அதற்குள் வாசலே நவாலாக இருந்தது. தலையில் பெரிய அலுமினியத் தாம்பாளம், மேலே போர்வை.

"என்னக்கா இது, அழுக சத்தமே கேக்கல?" என்றாள் நவால் மூச்சு வாங்க. "கொறையும், கொறையும்னு சொன்னியே."

கூடத்தில் நாடா வெட்டும் கத்தரிக்கோல் நின்றது. என்ன குறையும் என்று ஹஜ்ஜா வஹீபா கேட்டாள். நவால் தாம்பாளத்தை இறக்கி வைத்துப் போர்வையை விலக்கினாள். வெள்ளை வெளேரென்று கஹ்கு. எத்தனை கொண்டுவந்தாய் என்று கிழவி கேட்டாள்.

"நூத்தி இருபது," என்றாள் நவால், அந்தச் சந்துப் பெண்கள் சொல்கிற மாதிரியே.

இன்ஷிரா ரிஹாபைத்தான் பார்த்தாள். ரிஹாபின் கண் தாம்பாளத்தில் ஒரு நொடி நின்றது. நூற்றிருபதோடு ஐந்து. நூறுக்கு நான்கு, இருபத்தைந்துக்கு ஒன்று. ஐந்து பெட்டி, குறைவதாக இருந்த அதே ஐந்து பெட்டி. அவளுக்கு அது கணக்கே இல்லை. சிரிப்பு மெல்ல அவள் முகத்தை விட்டுப் போயிற்று. நான்கு வருடமாக இன்ஷிரா பார்க்க ஆசைப்பட்டது அதுதான், பார்த்துவிட்டாள்.

மறுகணம் ரிஹாப் மாமியார் பக்கம் திரும்பினாள். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் வரும், கைக்காவலாகக் கொஞ்சம் போட்டு வையுங்கள் என்று தான்தான் அக்காவிடம் சொல்லியிருந்ததாகச் சொன்னாள்.  கிழவி சமாதானமாகி, பெற்றவள் கை வீண் போகுமா என்று சொல்லிவிட்டு மறுபடி நாடா வெட்ட ஆரம்பித்தாள்.

காட்டிக்கொடுத்திருந்தால்கூட இன்ஷிரா தாங்கியிருப்பாள். இதையும் அவளே கொடுத்து, தான் வாங்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலில் அவள் மகளைப் பார்க்க மறந்துபோனாள்.

பார்த்தபோது நஹ்லா கடைசிப் பெட்டியின் மூடிமேல் வலது கையை வைத்திருந்தாள். மருதாணி போட்ட சுண்டுவிரல் மூடியில் அழுந்தியிருந்தது. மோதிரவிரல் தூக்கி இருந்தது. நடுவிரல் அழுந்தியிருந்தது. சுண்டுவிரலில் இருபத்தைந்து, நடுவிரலில் நூறு.

இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சிறு வயதில் அம்மாவின் முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான். சித்தியின் சட்டென்று வருகிற வழி ஒன்றுகூட அவள் கைக்கு வரவில்லை. அவசரத்துக்கு வந்தது அம்மாவின் விரல்கள். அதை இன்ஷிரா அந்த நேரத்திலா தெரிந்துகொள்ள வேண்டும்.

நஹ்லா எழுந்து சமையலறைக்குள் போனாள். இன்ஷிரா பின்னாலேயே போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கையைக் கழுவுகிற பாவனையில் நஹ்லா கேட்டாள்:

"கொறையும்னு எத்தன நாளா தெரியும்மா?"

இன்ஷிராவின் நாக்கு இருபது வருடப் பழக்கத்தில் சொல்லிற்று: "நாலு."

நஹ்லா குழாயை மூடினாள். ஈரக் கையை விரித்து, ஐந்து விரல்களையும் ஒரு தரம் பார்த்தாள்.

"ஒம்பது," என்றாள். "அந்த செவ்வாக்கிழமைலேர்ந்து."

 கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், அடுத்த பெட்டிக்கு நாடா எங்கே பாட்டி என்று கேட்டாள். அடுத்த பெட்டி எதுவும் இருக்கவில்லை.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்தன. மேளமும் குலவையுமாகச் சந்து நிரம்பியது. ஐம்பத்து மூன்று பெட்டியும் ஏறின. நவாலின் தாம்பாளத்தைச் சந்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கஹ்கு எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.

பெண் வண்டி ஏறுவதற்கு முன் வழக்கப்படி அம்மாவை முதலில் கட்டிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று மூச்சு. பிறகு கை விலகியது. பிறகு பாட்டி. பிறகு சித்தி. ரிஹாபின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நஹ்லா அழுதாள். குலவைச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை, முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது. ரிஹாப் அவள் தலையைத் தடவிக்கொண்டே, கண்ணால் இன்ஷிராவைத் தேடி, வாருங்கள் என்கிற மாதிரி ஒரு கையை நீட்டினாள்.

இன்ஷிரா போகவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். இந்தத் தடவை பாதியில் கண்ணை எடுக்கவில்லை. மகள் ரிஹாபின் தோளை விட்டு விலகும் வரைக்கும் ஒவ்வொரு மூச்சாக எண்ணினாள்.